பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள். டிபி என்று யாரும் சொல்லவில்லை

ஒன்பது வருடமாக மருந்துக்கடையில் மருந்தாளுநர் வேலை. காசநோய் மருந்து விற்றால் ஹெச்1 பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதவேண்டும் என்று தெரியும். அதில் முக்கியமான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று எத்தனையோ பேருக்குக் கவுண்டரில் நின்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே, மூன்றரை வயதுப் பாப்பாவுக்கு வந்திருப்பது டிபி என்று புரிய மூன்று மாதம் ஆனது. வீட்டுக்காரர் வெளியூர் வேலை. அலைந்ததெல்லாம் நான் ஒருத்திதான், இடுப்பில் அவளுடைய எட்டு மாதத் தம்பியோடு.

தை மாசம் இருமல் ஆரம்பித்தது. கூடவே சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், 99, 100. காலையில் ஒன்றும் இருக்காது, ஓடி விளையாடுவாள். முதலில் அமாக்சிசிலின், ஐந்து நாள் கழித்து அசித்ரோமைசின், பிறகு செஃபிக்சிம். நாலாவது டாக்டர் ஆஃப்லாக்சசின் சிரப் எழுதினார். அதைக் கொடுத்தபோது நாலு நாள் காய்ச்சல் நின்றது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. ஆஃப்லாக்சசின், லெவோஃப்லாக்சசின் வகை மருந்துகளும் லினசோலிடும் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடிக்கும். முழுசாகக் கொல்லாது, நோயை மறைத்துவிடும். அந்த நேரத்தில் சளி எடுத்துப் பார்த்தால் கிருமி சிக்காமல் போகலாம், அந்த மருந்துக்கே கிருமி பழகியும் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ நீடிக்கிற குழந்தைக்கு இந்த வகை சிரப்பை எழுதினால், கொடுக்கும் முன்னால் டிபி பார்க்கவேண்டாமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டேன்.

இருமலைவிடப் பெரிய அடையாளம் ஒன்று வீட்டிலேயே இருந்தது. அங்கன்வாடி அட்டையில் கார்த்திகையில் 11.4 கிலோ, மாசியிலும் 11.4. மெலியவில்லையே என்று விட்டுவிட்டேன். வளர்கிற குழந்தைக்கு எடை அப்படியே நிற்பதே எடை குறைவதற்குச் சமம். இரண்டு வாரம் தாண்டிய இருமல், இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல், எடை ஏறாமை அல்லது மூன்று மாதத்தில் 5% குறைவது, கடந்த இரண்டு வருடத்துக்குள் டிபி நோயாளியோடு பழக்கம்: இந்த நாலில் ஒன்று இருந்தாலே பரிசோதனைக்குப் போகலாம். நான் கேட்டது தானியத்தில் செய்த சத்துமாவும் பசி எடுக்க ஒரு டானிக்கும்.

பரிசோதனைகளில் பணம் போன கதை தனி. மாண்டூ ஊசி கையில் போட்டு மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். லீவு கிடைக்கவில்லை, போனில் போட்டோ எடுத்து அனுப்பினேன், "சிவந்திருக்கும்மா, பாசிட்டிவ் மாதிரி" என்று பதில் வந்தது. சிவப்புக்கு அர்த்தமே இல்லை. ஊசி போட்ட 48 மணியிலிருந்து 72 மணிக்குள், தோலுக்கடியில் தடித்து இருக்கிற இடத்தை விரலால் தடவி, முன்கையின் குறுக்குவாட்டில் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கவேண்டும். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்பு இருந்தால் பாசிட்டிவ். அதுவும் கிருமி உடம்புக்குள் நுழைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், நோயாக மாறியிருக்கிறதா என்று சொல்லாது. சத்துக்குறைவான குழந்தைக்கும் அம்மை வந்து எழுந்த குழந்தைக்கும் டிபி இருந்தும் தடிக்காமல் போகலாம். அடுத்து ஒரு லேபில் ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனைக்கு ரூ.2,200 கொடுத்தேன். அதுவும் மாண்டூ சொல்கிற அதே சேதியைத்தான் சொல்லும், விலைதான் வேறு. டிபிக்கான ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை யாராவது எழுதினால் எழுந்து வந்துவிடலாம். 2012 ஜூனிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது.

கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிரைமரி காம்ப்ளக்ஸ்தான், ஆறு மாச மருந்து, பயப்படாதீங்க" என்றார்கள். நம் ஊரில் இந்த வார்த்தைக்கு இருக்கிற மவுசு வேறெதற்கும் இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அப்பாடா, டிபி இல்லை என்று! என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னார். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது குழந்தையின் நுரையீரலில் கிருமி முதலில் உட்கார்ந்த இடமும் அதற்குப் பக்கத்து நெறிகட்டியும் சேர்ந்தது. மருந்து எழுதும் அளவுக்கு அது வந்திருந்தால் அதன் பெயர் காசநோய்தான். மனசு நோகக்கூடாது என்று மிருதுவான பெயர் வைக்கிறார்கள், அதனால் இரண்டு கெடுதல். சளி பிடிக்கிற, சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கெல்லாம் சோதிக்காமலே "காம்ப்ளக்ஸ்" என்று ஆறு மாதம் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். உண்மையிலேயே நோய் இருக்கிற வீட்டிலோ, டிபி என்ற சொல்லே வராததால், இது எங்கேயிருந்து வந்தது என்று யாரும் தேடுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரு சூப்பர்வைசர் அம்மா. வெளியே மருந்து வாங்கினால் மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனேன், வேறு புத்தியால் இல்லை. எக்ஸ்ரேயைக்கூட அவர் வாங்கவில்லை. "வீட்ல யாருக்கும்மா இருமல்?" என்றார். யாருக்குமில்லை என்றேன். பிறகு ஒரு நிமிடம் கழித்து, மாமா, அதாவது என் மாமனார், இருமுவார், பீடி பழக்கம், அது ரொம்ப நாளாக இருக்கிறது என்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் வைத்தார். மறுநாள் காலை பல் துலக்கும் முன், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, எச்சில் இல்லாமல் நெஞ்சிலிருந்து வரும் சளியாக எடுத்துவரச் சொன்னார். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று பார்க்கும் சிபிநாட் இயந்திரத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். மாமாவுக்கு காசநோய்க் கிருமி இருந்தது, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சின்னக் குழந்தையின் உடம்பில் கிருமிகள் குறைவு, இருமித் துப்பவும் தெரியாது, அதனால் குழந்தை பெரும்பாலும் யாருக்கும் பரப்புவதில்லை. பெரியவர் ஒருவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். குழந்தைக்கு டிபி என்றால் அதோடு ஒரே அறையில் மணிக்கணக்காகப் பழகுகிற ஒருவரிடம் அது இருக்க வாய்ப்பு அதிகம்: தாத்தா, பாட்டி, வேன் டிரைவர், டியூஷன் டீச்சர், வீட்டு வேலைக்கு வருபவர் யாராகவும் இருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்காமல் குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது மறுபடி மறுபடி அதே காற்றைத்தான் மூச்சிழுக்கும். இன்னொரு லாபமும் உண்டு. குழந்தையிடம் கிருமி கிடைக்காவிட்டாலும் பெரியவரின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துக் குழந்தைக்கு மருந்தை முடிவு செய்யலாம். பெரியவருக்கு மருந்து எதிர்ப்புள்ள டிபி என்றால் குழந்தைக்குச் சாதாரண மருந்து வேலை செய்யாது.

பாப்பாவுக்கு இரைப்பை நீர் எடுத்தார்கள். ராத்திரி முழுக்க நாம் விழுங்குகிற சளி காலையில் வயிற்றில் தேங்கியிருக்கும், அதை மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சுவது. குழந்தை இரவிலிருந்து சாப்பிடாமல் இருக்கவேண்டும். எழுந்து நடமாடுவதற்கு முன் எடுக்கவேண்டும், நடந்தால் வயிறு காலியாகிவிடும். அதற்காகவே முந்தின நாளே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு காலை அடுத்தடுத்து எடுத்தார்கள். முதல் நாள் கிருமி இல்லை, இரண்டாம் நாள் இருந்தது. இரண்டு நாளும் இல்லையென்று வந்திருந்தாலும், எக்ஸ்ரேயும் எடையும் வீட்டிலிருக்கும் நோயாளியும் சேர்ந்து மருந்து தொடங்கப் போதுமான காரணம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குழந்தைகளுக்கு நெகட்டிவ் என்று வந்த காகிதத்தை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இப்போது மலத்திலேயே சிபிநாட் செய்யும் முறையும் வந்திருக்கிறது, குழாய் விடும் வேதனை இல்லை. உங்கள் மருத்துவமனையில் செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எச்ஐவி பரிசோதனையும் செய்வார்கள். டிபி உறுதியான எல்லோருக்கும் செய்வதுதான், சந்தேகப்பட்டு இல்லை.

அதுவரை நான் எழுதி வைத்திருந்த கணக்கைக் கூட்டினால் ரூ.31,000 தாண்டியது. அதில் ஒரு சி.டி. ஸ்கேன் ரூ.4,500, ஒரு நெபுலைசர் ரூ.1,900. பன்னிரண்டு நாள் சம்பளம் வேறு. அதற்குப் பிறகு மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒரு பைசா ஆகவில்லை. காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவில் பெயர் ஏறியதும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் வந்தது. மாதம் ரூ.500ஆக இருந்தது 2024 நவம்பரிலிருந்து ரூ.1,000. குழந்தைக்கு வங்கிக் கணக்கு இல்லையென்றால் அம்மா அல்லது அப்பா கணக்கைக் கொடுக்கலாம். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்கும் இது உண்டு, அவர் நிக்ஷயில் பதிந்திருந்தால் போதும். பதிந்தாரா என்று கேட்டு அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 இலவச எண்.

மருந்து விஷயம். முதல் இரண்டு மாதத்துக்கு ஐசோனியசிட் 50, ரிஃபாம்பிசின் 75, பைரசினமைட் 150 மி.கி. சேர்ந்த கரையும் மாத்திரையும், தனியாக எதாம்ப்யூட்டால் 100 மி.கி. மாத்திரையும். எத்தனை என்பது வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. 4 முதல் 7 கிலோவுக்கு இரண்டிலும் ஒன்று ஒன்று, 8 முதல் 11 வரை இரண்டு இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று மூன்று, 16 முதல் 24 வரை நாலு நாலு. அதற்கு மேல் பெரியவர் மாத்திரையும் சேரும். 56 நாள் முடிந்ததும் பைரசினமைட் நின்றுவிடும், மற்ற மூன்றும் 112 நாள். ஆக 168 வேளை. மூளைக்காய்ச்சல் வகைக்கும் எலும்பு டிபிக்கும் இது ஒரு வருடம் வரை போகும். தீவிரமில்லாத டிபி உள்ள குழந்தைகளுக்கு நாலு மாதமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முடிவு செய்யவேண்டும். "நாலு மாசம் போதுமாமே" என்று நாமாக நிறுத்துகிற விஷயம் இல்லை.

மாத்திரை கொடுப்பதில் நான் செய்த தவறுகள்: முதல் வாரம் பால் பாட்டிலில் கலந்தேன். பாலைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவாள், அடியில் மருந்து தங்கிவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. சரியான வழி இது: ஒரு சின்ன டம்ளரில் 50 மி.லி. ஆறிய தண்ணீர், மாத்திரையைப் போட்டால் தானாகக் கரையும், ஒரு சுழற்று சுழற்றி பத்து நிமிடத்துக்குள் குடிக்கவைக்கவேண்டும். எதாம்ப்யூட்டால் அந்த மாதிரி கரையாது, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்துக் கலக்கவேண்டும். டம்ளரின் அடியில் செம்மண் மாதிரி ஒரு படிவம் நிற்கும், அதுதான் மருந்தே. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுக்கவேண்டும். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், ஈரக் காற்று பட்டால் கெட்டுவிடும். வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். வாந்தி எடுக்கிற குழந்தைக்கு ஒரு இட்லி கொடுத்துவிட்டுக் கொடுத்தாலும் தப்பில்லை, மருந்தே போகாமல் இருப்பதைவிட அது மேல். அரை மணிக்குள் வாந்தியில் வெளியே வந்தால் மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டை வேளை கொடுக்கக்கூடாது. விட்ட வேளை கடைசியில் சேரும். நரம்புக்காக பைரிடாக்சின் 10 மி.கி.யும் தினம் உண்டு. வலிப்பு மருந்து எடுக்கிற குழந்தை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும்.

பெரிய தவறு மூன்றாவது மாதம் நடந்தது. மருந்து ஆரம்பித்துப் பசி எடுத்து பாப்பா 12.3 கிலோ ஆகிவிட்டாள். மூன்று மாத்திரை ஆகியிருக்கவேண்டும். மாதாமாதம் மருந்தை மட்டும் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பியதால் எடை போடவில்லை, மூன்று வாரம் இரண்டு மாத்திரையே போனது. நாலாம் வாரம் நானே கடைத் தராசில் நிற்கவைத்தபோதுதான் உறைத்தது. குழந்தையை நேரில் கூட்டிப் போங்கள், ஒவ்வொரு மாதமும் எடை போடச் சொல்லுங்கள். சளி எடுத்துப் பார்க்க முடியாத குழந்தைக்கு நோய் குணமாகிறதா என்பதைக் காட்டுவதும் அந்த எடைதான்.

ஆரஞ்சு நிறச் சிறுநீர், செம்மஞ்சள் கண்ணீர், வேர்வை பட்ட பனியனில் கறை: இதற்கெல்லாம் பயப்படவேண்டாம். பயப்படவேண்டியது கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவது, நிற்காத வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. இதைக் கண்டால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும், கல்லீரல் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்து நெறி பெரிதாவதும் நடக்கும், பெரும்பாலும் அது மருந்து தோற்றதன் அடையாளம் இல்லை. காட்டிவிட்டு வரலாம். ஆனால் காய்ச்சலோடு தூங்கித் தூங்கி விழுவது, காரணமில்லாத எரிச்சல், தலைவலி, வாந்தி, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைப்பது என்றால் ராத்திரி என்று பார்க்காமல் ஓடுங்கள். மூளைக்குப் போகிற டிபி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும்.

அதனால்தான் தம்பியைப் பற்றி அந்த சூப்பர்வைசர் அம்மா முதல் நாளே கேட்டார். பிறந்ததும் பிசிஜி தடுப்பூசி போட்டாச்சே என்றேன். பிசிஜி மூளைக்காய்ச்சல் வகையையும் உடம்பெல்லாம் பரவும் வகையையும் பெருமளவு தடுக்கும். நுரையீரல் டிபியை அப்படித் தடுக்காது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்பது 1968இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய ஆய்விலேயே தெரிந்துபோன விஷயம். தம்பிக்கு இருமல், காய்ச்சல் இல்லை, எடை சரி, எக்ஸ்ரே சுத்தம். நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் ஐசோனியசிட் மட்டும் ஆறு மாதம், தினமும். உறுதி செய்வது ஏன் முக்கியம் என்றால், நோய் இருக்கிறவருக்கு ஒற்றை மருந்து கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாண்டூ பார்க்கவேண்டும் என்றுகூட இல்லை, வீட்டில் நோயாளி இருப்பதே போதும். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் எடுக்கும் மருந்தும் இருக்கிறது. எனக்கும் அத்தைக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிற குழந்தைக்கு மாத்திரையா என்று வீட்டில் சண்டை நடந்தது. இரண்டு மாதத்தில் நிறுத்திவிடலாம் என்று அத்தை சொல்லாத நாள் இல்லை.

மாமாவைப் பற்றியும் எழுதவேண்டும். முடிவு தெரிந்த அன்று திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்துக்கொண்டார். "என்னாலயாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தட்டில், துணியில், தொடுவதில் இது பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாம், அதனால் வீட்டிலிருப்பவர்களுக்குக் கூடுதலாக ஆபத்து இல்லை என்று 1950களின் கடைசியிலேயே சென்னையில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. தாம்பரம் சானடோரியம் மாதிரி இடங்களில் மாதக்கணக்காகப் படுக்கவைக்கும் காலம் மெல்ல முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மாமாவுக்கு மருந்து ஆரம்பித்த முதல் சில வாரம் மாஸ்க், ஜன்னல் திறந்த அறை, பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்காமல் இருப்பது: இதுவே போதும். பித்தளை டம்ளரை நானே திரும்ப அடுக்களையில் வைத்தேன். அதற்கே எனக்கு ஒன்பது நாள் ஆனது.

சாப்பாடு பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39% குறைந்தது. விலை உயர்ந்த புரோட்டீன் பவுடர் டப்பாவை நான் கடையில் விற்கிறவள்தான், ஆனாலும் சொல்கிறேன், உதவித்தொகையை அதில் போடாதீர்கள். முட்டை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, பருப்பு வாங்குங்கள்.

168ஆவது வேளை முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் நெறிகட்டி நிழல் இன்னும் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. குழந்தை நன்றாக இருந்து எடையும் ஏறியிருந்தால் அந்த நிழல் மறைய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், அதற்காக மருந்தை நீட்டிக்கவேண்டியதில்லை என்று டாக்டர் அட்டையை மூடிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடம் காட்டவேண்டும். பாப்பா இப்போது 14.1 கிலோ. தம்பிக்கு இன்னும் பதினோரு வேளை பாக்கி, காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருப்பது அத்தைதான்.